பூனையின் பாட்டரி

வியாழன், இரவு. மழை.

நெடுநாள் ஆலோசனைக்குப் பின் இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். என் பழம்பொருள் கடை வாசலில் ஓயாமல் கையாட்டி வாடிக்கையாளர்களை அழைக்கும் பொம்மைப் பூனையின் பாட்டரிகளைக் கழற்றி டார்ச்சில் போட்டேன். சில மாதங்களாக அது யாரையும் அழைத்து வந்ததாகத் தெரியவில்லை. டார்ச்சாவது மின்சாரம் போகும்போது உதவும்.

பர்மாவின் லத்தா வட்டாரத்தில், அதுவும் எங்கள் சீனர் தெருவில், பூனையின் கை நின்றால் என்ன பொருள் என்று நான் யோசிக்கவில்லை. மதியம் பக்கத்துத் தேயிலைக் கடை ஊ டான் வந்தார். துக்கம் விசாரிக்கும் குரலில், ‘கோ’ என்று அண்ணன் முறை வைத்துப் பர்மியில் பேசினார்.

“கோ மணி, கடைய மூடுறதா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“யார் சொன்னது?”

“பூனை கையாட்டறத நிறுத்திடுச்சே! என் மச்சான் இடம் தேடுறான். சாயங்காலம் வந்து பாக்கட்டுமா?”

மறுக்க வாயெடுத்தேன். பழைய வெற்றிலைப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி முந்திக்கொண்டாள்.

“வரச் சொல்லுங்க. இந்த மாசம் ஒரு ஆளாவது உள்ள வரட்டும்.”

மச்சான் அளவு நாடாவோடு வந்தார். மரியாதையான மனிதர், விற்பனைக்கு வைத்திருந்த புத்தரைக் கும்பிட்டுவிட்டுத்தான் நாடாவை விரித்தார். மின்சாரம் இல்லை. பின்சுவர் வரை அவர் அளந்து முடிக்க நான்தான் டார்ச் பிடித்தேன்.