ஆறே முக்காலுக்கு வந்த செய்தி

பார்சல் ஆபீஸ் வாசலில் நேற்றிலிருந்து ஒரு பனையோலைக் கூடை கிடக்கிறது. கருவாடு. மண்டபம் ஸ்டேஷனில் ஏற்றியது, எடுத்துப்போக இன்னும் யாரும் வரவில்லை. வெயில் ஏற ஏற அந்த வாடை நடைமேடை முழுக்கப் பரவி, தந்தி அறைக்குள்ளும் வந்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் கிளார்க் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினான். நான் எழுந்துபோய்த் திறந்து வைத்தேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

நீ தனுஷ்கோடியில் இருந்த நாளில் மாதம் தவறாமல் இப்படி ஒரு கூடை அனுப்புவாய். உன் வீட்டுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. அந்த வாரம் சோற்றுக்கு வெஞ்சனக் கவலை விட்டது என்பாள் என் வீட்டுக்காரி.

உனக்கு இதை எழுத வேண்டும் என்று ஐந்து வருஷமாக நினைத்து, ஐந்து வருஷமாகத் தள்ளிப்போட்டேன். சோம்பல் இல்லை, பயம். எழுத உட்கார்ந்தால் நீ எங்கிருந்தாவது பதில் சொல்லிவிடுவாயோ என்ற பயம். போன வாரம் உங்கள் எல்லாருக்குமான நினைவுப் பூசை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது. ஏன் போனது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஐம்பத்தைந்தில் இதே திண்டுக்கல் ஜங்ஷனில், இதே அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தோம். நீ மேட்டுப்பட்டிக்காரன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போக லீவு கேட்டு மேலதிகாரியிடம் முறைத்துக்கொள்கிறவன். நான் சேவுகம்பட்டியில் வெங்காயக் காட்டிலிருந்து நேராக உத்தியோகத்துக்கு வந்தவன். "ஏலே, உன் தந்தியிலயும் வெங்காய வாடை அடிக்குதுடா" என்று கேலி செய்வாய்.

வெளியாளுக்குத் தந்திக் கருவியின் சத்தம் எல்லாம் ஒன்றுதான். பழகிய காதுக்கு அது ஆளுடைய குரல். ஒருவர் அவசரப்படுவார், ஒருவர் திக்குவார். நீ ஒவ்வொரு சொல்லின் கடைசி ஒலியையும் கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாய். வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. இருட்டில் உன் இருமலை அடையாளம் கண்டுகொள்வது போல, பத்துப் பேர் தட்டினாலும் உன் கையை எனக்குத் தெரியும்.

அறுபத்தொன்றில் உன்னைத் தனுஷ்கோடிக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகும் நம் பேச்சு நிற்கவில்லை. மதுரையில் இருப்பவர் கம்பியைக் கோத்துவிட்டால் உன் மேசையும் என் மேசையும் ஒன்றாகிவிடும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, ஊர்க்கதை பேசுவோம். மதுரைக்காரர் கோக்காவிட்டால் ஒரு எழுத்துகூட வராது. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன், இதனால்தான் என் ஐந்து வருஷத் தூக்கமும் போயிற்று.

உன் மனைவி ஞானம் ஒரு வருஷம் அங்கே இருந்து பார்த்தாள். சோற்றில் மணல். குடிக்கிற தண்ணீருக்கு ரயிலை எதிர்பார்க்க வேண்டும். "ரெண்டு பக்கமும் கடல்ணே. படுத்தா ரெண்டு பக்கமும் யாரோ மூச்சு விடுறாப்புல இருக்கு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். மகள் லூர்துவின் படிப்பைக் காரணம் காட்டித் திண்டுக்கல்லுக்கே திரும்பிவிட்டாள். உனக்கு அதில் மனத்தாங்கல். என்னிடம் கம்பியில் புலம்புவாய். அறுபத்து நாலாம் வருஷக் கிறிஸ்துமஸுக்காவது வாருங்கள் என்று நீ கெஞ்சி எழுதிய பிறகு, அவள் அரை மனதோடு சம்மதித்தாள்.

அன்று டிசம்பர் இருபத்திரண்டு. எனக்குக் காலை டியூட்டி. ஏழு மணி வண்டிக்கு ஞானமும் லூர்தும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மதுரையில் மாறி, ராத்திரிக்குள் உன்னிடம் வந்து சேர்ந்துவிடலாம். லூர்துக்கு அப்போது எட்டு வயது. உன் வீட்டு வாசலில் கட்டுவதற்கு ஒரு காகித நட்சத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கசங்கிவிடும் என்று யாரையும் பக்கத்தில் உட்காரவிடாமல் இருந்தாள். அவர்களைப் பார்த்துவிட்டு நான் அறைக்குத் திரும்பினேன். அறையில் நான் மட்டும்தான்.

ஆறே முக்காலுக்குக் கருவி தட்டியது. முன்னால் அழைப்பு இல்லை. எந்த நிலையம் என்ற குறியெழுத்து இல்லை. நேராகச் செய்தி வந்தது.

"பிள்ளையை வண்டி ஏத்தாதே."

ஒரே தடவை. உன் கை. ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் உன் இழுப்பு. ஏன் என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. கருவியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மார்கழிக் காலையில் பித்தளை சில்லென்று இருப்பதில் அதிசயம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

"இறங்கும்மா. அவன் வர வேண்டாங்குறான்."

"என்னண்ணே, விளையாடுறீகளா? போன வாரங்கூட எப்ப வாரீகன்னுதான எழுதியிருந்தாக?"

"இப்பத்தான் தந்தியில சொன்னான். பிள்ளைய ஏத்தாதேங்குறான்."

"ஏனாம்?"

"அதச் சொல்லல."

ஞானம் எழுந்தாள். "வாங்கங்குறதும் அவுகதான், வேணாங்குறதும் அவுகதான். நாங்க என்ன பந்தா?" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்தாள். கோபமாகச் சொன்னாலும் அவள் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அந்த ஊருக்குப் போக வேண்டாம் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. லூர்துதான் அழுதாள். வண்டி புறப்பட்டுப் போனது.

மத்தியானம் மதுரைக்காரரிடம் சொல்லி, கம்பி கோத்து நீ வந்தாய். முறைப்படி அழைப்பு, குறியெழுத்து, எல்லாம் சரியாக.

"ஏறியாச்சா?" என்று கேட்டாய்.

"ஏத்தல. நீதான வேண்டாம்னே."

இன்னொரு தடவை தட்டச் சொன்னாய், தட்டினேன். பிறகு, "நான் எப்பச் சொன்னேன்?"

"காலையில. ஆறே முக்காலுக்கு."

"ஏலே, காலையில நான் உன்னக் கூப்பிடவே இல்ல."

உன் கையைத்தான் கேட்டேன் என்று சத்தியம் செய்தேன். கம்பியில் சத்தியம் செய்தால் யார் நம்புவார்கள்? "அவ வரமாட்டேன்னாளா? நீயும் சேந்து கதை கட்டுறியா?" என்று கேட்டாய். "பிள்ளைக்குப் புதுப் பாயெல்லாம் வாங்கிப் போட்டு வச்சிருக்கேன்" என்றாய். கடைசியில், "நாளைக்கு அனுப்பு" என்று தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாய். அந்த இரண்டு சொல்லில் மட்டும் உன் இழுப்பு இல்லை.

மறுநாள் உன் நிலையம் பேசவில்லை. அதற்கு மறுநாள்தான் கடல் ஊருக்குள் வந்ததும், பாம்பனிலிருந்து போன வண்டி ஆட்களோடு முழுகியதும், தனுஷ்கோடி என்று ஒன்று இனி இல்லை என்பதும் எங்களுக்கு முழுதாகத் தெரிந்தது. சொந்தக்காரர்களைத் தேடுகிறவர்கள் இந்த அறை வாசலில் வந்து நின்றார்கள். எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி. ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், நீ போய்விட்டாய் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அந்த இரண்டு பேரும் ஏறவில்லை என்ற ஆறுதல்தான் முதலில் வந்தது. ஏறியிருந்தால் அந்த வண்டியில் இருந்திருப்பார்கள், அதற்கு முந்தின வண்டி கிடைத்திருந்தால் உன் வீட்டில் இருந்திருப்பார்கள். அழுகை அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் போய்விட்டார்.

ஜனவரியில் நான் மதுரைக்கே போனேன். அன்று கம்பிப் பொறுப்பில் இருந்தவர் வயதானவர், எழுதி வைக்காமல் எதையும் செய்யமாட்டார். நோட்டைப் பிரித்துக் காட்டினார். "மத்தியானம் ஒரு தடவ கோத்துவிட்டேன் தம்பி. காலையில தனுஷ்கோடியும் உங்க ஊரும் சேரவே இல்லையே. எப்புடிச் சேரும்? உங்க கம்பி ஏழரை வரைக்கும் இங்க கழத்தித்தான் கெடந்துச்சு."

அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னை மதுரையிலேயே பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். பழக்க தோஷத்தில் அதன் பிறகும் சில காலைகளில் உன் நிலையத்தின் குறியெழுத்தைத் தட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை கருவியின் நாக்கு கீழே இறங்கியது. இறங்கியது எழவில்லை. ஒரு ஒலி தொடங்கி முடியாமலே நின்றது. எங்கோ கம்பி மண்ணில் படுகிறது என்று புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். வந்து பார்த்த லைன்மேன் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு தட்டுவதை விட்டுவிட்டேன்.

உன் உடம்பு கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாள் அன்று ஊரே கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றும்போது, ஞானம் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவாள். வேறெங்கோ செத்துப்போனவர்களுக்கு அங்கேதான் இடம். வருஷா வருஷம் நானும் பக்கத்தில் போய் நின்றேன். அக்கம்பக்கத்தார் வந்தால் அவள் சொல்வாள்: "தான் போகப்போறது தெரிஞ்சு, எங்க ரெண்டு பேரையும் நிறுத்திட்டுப் போனாக." பெண்டாட்டி வர மறுத்தாள், நண்பன் பொய் சொன்னான் என்று நினைத்துக்கொண்டே நீ செத்துப்போனாய். நீ அனுப்பாத ஒன்றை அனுப்பினாய் என்று நம்பிக்கொண்டு அவள் வாழ்கிறாள். இரண்டுக்கும் நடுவில் நான் நிற்கிறேன்.

இந்த வருஷம் அந்தப் புயலில் போன எல்லாருக்குமாகப் பூசை வைப்பதாகப் பங்குச் சாமியார் அறிவித்தார். லூர்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார். பதின்மூன்று வயதுப் பெண், காகிதத்தில் எழுதி என்னிடம்தான் முதலில் வாசித்துக் காட்டினாள். 'எங்கள் அப்பா கடைசியாக அனுப்பிய செய்தியால் நான் உயிரோடு இருக்கிறேன்' என்று தொடங்கியது. கோவிலில் அவள் அதைச் சொல்வதற்கு முன்னால் ஞானத்திடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் போனேன். லூர்து கோவிலில் அலங்காரத்துக்குப் போயிருந்தாள். ஞானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் நீ பேசியதை, மதுரை நோட்டை, எல்லாம் சொல்லி முடித்தேன். அவள் கை நிற்கவே இல்லை.

"தெரியும்ணே" என்றாள்.

எழுந்து உள்ளே போய், பைபிளுக்குள்ளிருந்து ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்து வந்தாள். உன் கையெழுத்து. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததாம். இருபத்திரண்டாம் தேதி அந்த ஊரைவிட்டு வெளியே வந்த கடைசி வண்டியில் போட்டிருக்கிறாய்.

நீ எழுதியது உனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு மனப்பாடமாகிவிட்டதால் எழுதுகிறேன். 'உங்களை வரவேண்டாம் என்று நான் சொன்னதாக அவன் சொல்கிறான். முதலில் கோபம் வந்தது. யோசித்தால் கோபப்பட முடியவில்லை. இன்று விடிந்ததிலிருந்து கடலின் நிறம் சரியில்லை, வலைக்காரர் யாரும் இறங்கவில்லை. உங்களை நிறுத்திவிடலாம் என்று கருவியில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். லூர்தைப் பார்க்கும் ஆசையில் அனுப்பாமல் கையை எடுத்துவிட்டேன். அப்போது மணி ஆறே முக்கால் இருக்கும்.'

நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

"நீங்களாத்தான் வானத்தப் பார்த்து, எனக்காகப் பொய் சொல்லி இறக்கிட்டீகன்னு இருந்தேன்ணே" என்றாள் ஞானம். "உசுரக் காப்பாத்துன மனுசன்ட்டப் போயி, ஏன் பொய் சொன்னீகன்னு எப்புடிக் கேக்குறது? அதான் ஊர்ல அவுகதான் சொன்னாகன்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

"நான் பொய் சொல்லலம்மா. எனக்கு வந்துச்சு."

அவள் புடவைத் தலைப்பை இழுத்து இரண்டு கையையும் போர்த்திக்கொண்டாள். வெளியே லாரி போனது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கடிதத்தைப் பாயின் மேல் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தோம்.

பிறகு அவள் சொன்னாள்: "கைய வச்சிட்டு எடுத்துட்டாகளேன்னுதான் எனக்கு அம்புட்டு ஆத்திரம். பிள்ளையப் பாக்குற ஆசைக்குப் பிள்ளையவே குடுத்திருப்பாக. அவளுக்கு இது தெரிய வேணாம்ணே."

ஐந்து வருஷம் அந்த ஆத்திரத்தோடுதான் அவள் உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். இதைத் தெரிந்துகொள். உன்மேல் பிரியம் இல்லாதவள் அப்படிக் கோபப்படமாட்டாள்.

மறுநாள் லூர்து வாசித்தாள். எழுதியதில் ஒரு சொல்லும் மாற்றவில்லை. கோவிலில் பாதிப் பேர் அழுதார்கள். அந்த வண்டியில் மகனைப் பறிகொடுத்த நத்தத்துக்காரர் ஒருவர் வந்து, அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். கூட்டம் கலைந்த பிறகு, அவள் என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். ஞானம் கொஞ்ச தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அம்மா முகம் நேத்துலருந்து சரியில்ல. நெசமாவே எங்கப்பாதான் அனுப்புனாரா?"

அவளுக்கு உன் நெற்றி. பதில் வரும்வரை இமைக்காமல் பார்க்கிற அந்தப் பார்வையும் உன்னுடையதுதான்.

"ஆமாத்தா. உங்கப்பாதான் அனுப்புனாரு. நான் என் காதால கேட்டேன்."

அவள் தலையாட்டிவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள். ஐந்து வருஷத்தில் அதைச் சொல்லும்போது முதல் தடவையாக என் குரல் நடுங்கவில்லை. எப்படி வந்தது என்று இனி யாரையும் கேட்கப்போவதில்லை, உன்னையும்தான். நீ கையை எடுத்துவிட்டாய். எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.