கோல்கீப்பர் பேர் வராத ஆட்டங்கள்

என் அன்பிற்குரிய அத்தாவுக்கு,

உங்கள் ரேடியோ மண்டியில் அதே அலமாரியில்தான் இருக்கிறது. நேற்று சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். சென்னையில் ஏதோ இரண்டு கல்லூரிகளுக்கு ஃபுட்பால். பாதி ஆட்டம்கூடக் கேட்க முடியவில்லை, எழுந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு தரம் வாசலுக்குப் போய் வந்தாயிற்று. "ஒரு எடத்துல உக்காரேம்மா, ஒன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்று அம்மா உள்ளேயிருந்து சொல்கிறாள். அவள் உங்களுக்காக இத்தா இருக்கிறாள், நாலு மாதம் பத்து நாள் வெளியே வர மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் நடக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அண்ணன் இன்னும் மலை ஏறி வீட்டுக்கு வரவில்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

சீசன் முடிந்து ஒரேயடியாகத் தன் ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரரிடமிருந்து அந்த ரேடியோவை நீங்கள் வாங்கி வந்தபோது, சின்னத்தா கேட்டது நினைவிருக்கிறதா? "ஏண்ணே, உருளக்கெழங்கு மண்டிக்குப் பாட்டு எதுக்கு?" நீங்கள் பாட்டுக்காக வாங்கவில்லை. அண்ணன் அந்த வருஷம்தான் சென்னைக் கல்லூரியில் சேர்ந்து, கோல்கீப்பராகவும் ஆகியிருந்தான். பெரிய ஆட்டங்களின் வர்ணனை திருச்சி நிலையத்தில் வரும் என்று எழுதியிருந்தான். மறுவாரமே யூகலிப்டஸ் மரத்தில் ஆளை ஏற்றி ஏரியல் கம்பி கட்டினீர்கள்.

ஆட்டம் இருக்கும் நாளில் வில்பட்டிக்காரர்களுக்கும் மன்னவனூர்க்காரர்களுக்கும் மண்டியில் மரியாதை கிடையாது. மூட்டையைப் போட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். நானும் அம்மாவும் வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவில் உள்ள கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உள்பக்கம் உட்காருவோம். முள்ளைத் திருப்புகிற வேலை மட்டும் எனக்கு. உங்கள் கை பட்டால் நிலையம் ஓடிப்போகும், என் கை பட்டால் நிற்கும். அதற்காகவே கதவைத் தாண்டி மண்டிக்குள் வர எனக்கு அனுமதி இருந்தது. அந்த அலமாரிக்கு முன்னால் நின்ற நேரங்களில்தான் நான் இந்த வீட்டில் ஒரு ஆளாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிள்ளை ஆட்டக்காரன் என்றால் எந்த வீட்டிலும் அவன் பேர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். நம் வீட்டில் தலைகீழ். கோல்கீப்பரின் பேரை வர்ணனைக்காரர் எப்போது சொல்வார்? பந்து அவன் தலைமேல் வந்து விழும்போதுதான். ஜமால் என்று ஒரு சொல் வந்தால் போதும், உங்கள் முகம் வெளுத்துவிடும். "பேரு வராத வரைக்கும் நல்லா இருக்கான்" என்பீர்கள். முழு ஆட்டமும் அவன் பேரே வராமல் முடிந்தால் அன்றைக்கு மண்டியில் எல்லோருக்கும் டீ.

அந்த அரையிறுதி ஆட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். மழை விட்டு, மஞ்சு மூட்டம் பஜாருக்குள் இறங்கியிருந்தது. மீடியம் வேவில் ஒரு தொல்லை உண்டு. பகலில் அக்கம்பக்கத்து நிலையம் ஒழுங்காகக் கேட்கும், பொழுது சாய்ந்தால் எங்கெங்கோ இருக்கிற நிலையங்கள் வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். அன்றைக்கு இரண்டாவது பாதி தொடங்கியதுமே இரைச்சல். பந்து போகிறது, இரைச்சல், கூட்டம் கத்துகிறது, மறுபடி இரைச்சல். அப்புறம் திடீரென்று தெளிவாக ஒரு குரல். கோல்கீப்பர் கம்பத்தில் மோதி விழுந்துவிட்டார், தலையில் இரத்தம், அசைவில்லை, தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றது. அதோடு போய்விட்டது.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். வெளியே மன்னவனூர்க் கிழங்கு ஏற்றிய லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ராமையா அண்ணன் கதவைத் திறந்ததும் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். தொப்பி ஆணியிலேயே தொங்கியது. "என்னங்க, கம்பளியாச்சும் எடுத்துக்கிடுங்க" என்று அம்மா கத்தியது உங்களுக்குக் கேட்டதா? கொடை ரோடு போய் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போகிறீர்கள் என்பதையே சின்னத்தா சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அம்மா தரையில் விழுந்து அழுதாள். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். நான் மட்டும் ரேடியோவை விடவில்லை. முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே இருந்தேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று யாரோ சொன்னார்கள். அப்போது அந்தக் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை பேச்சின் இழுப்பு காதில் விழுந்தது. அது நம் பக்கத்துத் தமிழ் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவரே சொன்னார், யாழ்ப்பாணத்து மைதானத்தில் இரண்டு கல்லூரிகள் ஆடுகின்றன என்று. அடிபட்டது அங்கே எவனோ ஒரு பிள்ளை. பொழுது சாய்ந்ததும் இலங்கை நிலையம் வந்து திருச்சியின் மேல் ஏறியிருக்கிறது, நாம் இரண்டையும் ஒரே ஆட்டமாகக் கேட்டிருக்கிறோம்.

ஓடினேன் அத்தா. முக்காடு நழுவியதைக்கூடப் பார்க்கவில்லை. பஜாரில் வயசுப்பெண் ஓடினால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும், பேசினார்கள். பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். லாரியின் சிவப்பு விளக்குகூட இல்லை. மஞ்சு மட்டும்தான் இருந்தது.

அன்று தொடங்கியதுதான் எனக்கு இந்தக் கால் நிற்காத வியாதி. பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே மலையில் அத்தனை வளைவுகளையும் இறங்கி, ரயிலில் இரவு முழுக்கக் குளிரில் என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள்? உங்கள் நெஞ்சு தாங்குமா? விடிந்து தந்தி கொடுத்தாலும் அதற்குள் நீங்களே சென்னையில் இறங்கிவிடுவீர்கள். அம்மாவிடம் சொன்னால் அவள் நம்பவில்லை. "நீ மனசத் தேத்தச் சொல்லுத" என்றாள். தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பது இருக்கிறதே, அதற்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்தும் ஒரு சேதியும் இல்லை. தந்தி இல்லை, கார்டு இல்லை. வருகிற லாரிக்காரர்களிடம் எல்லாம் கதவிடுக்கில் நின்று கேட்டேன். நீங்கள் எந்த ஸ்டேஷனில் விழுந்து கிடக்கிறீர்களோ என்று நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மத்தியானம் கையில் மதராஸ் அல்வாப் பொட்டலத்தோடு சாவகாசமாக வந்து இறங்கினீர்கள்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். உங்களைப் பார்த்ததும், "அத்தா, மண்டிய யாரு பாக்குறா?" என்று கேட்டானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு தந்தி கொடுத்தா என்னத்தா?"

"நல்ல சேதிக்கு எவனாச்சும் தந்தி கொடுப்பானா? தந்திக்காரனப் பாத்த ஒடனே ஒங்கம்மா உசுர விட்ருவா. அதான் சும்மா இருந்தேன்."

உங்கள் கணக்கில் அது சரிதான். நம் ஊரில் தந்தி என்றால் சாவு, வேறு அர்த்தம் கிடையாது. ஆனால் உங்கள் மகள் ஒருத்தி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே தேய்ந்துகொண்டிருப்பாள் என்று ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. நீங்கள் இல்லை என்பதற்காகப் போய்விடுமா?

அங்கேயே தங்கி இறுதி ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வந்தீர்கள். எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் உண்மையைச் சொன்னீர்கள். "மைமூனு, மைதானத்துல ஒண்ணுமே வெளங்கலம்மா. எல்லாப் பயலும் ஓடுறான். என்ன நடக்குன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான்." அன்றைக்கு மட்டும் கோபத்தை மறந்து சிரித்தேன்.

அண்ணன் படிப்பை முடித்து, சென்னையிலேயே மில் வேலையில் சேர்ந்து, மில்லுக்காக ஆடத் தொடங்கினான். மில் ஆட்டமெல்லாம் ரேடியோவில் வராது. நீங்கள் கல்லூரி ஆட்டம் கேட்பதை விடவில்லை. அவன் இல்லாத ஆட்டத்தை எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "அங்கயும் கோலுக்குள்ள ஒருத்தன் நிக்கான்ல. அவன் அத்தா வீட்டுல ரேடியோ இருக்கோ என்னமோ" என்றீர்கள். அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை பிழைத்தானா என்று நீங்கள் கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். இலங்கையிலிருந்து ராமேஸ்வரம் வழியாக வரும் தோட்டத்துக்காரர்கள் யாராவது மண்டிக்கு வந்தால் முதல் கேள்வி அதுதான். யாருக்கும் தெரியவில்லை.

இனி நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலை சுபுஹுத் தொழுகை நேரத்தில் உங்கள் மூச்சு நின்றது. தபாலாபீஸ் திறந்ததும் சின்னத்தா தந்தி கொடுத்தார். அண்ணன் கல்கத்தாவுக்கு ஆடப் போயிருந்தான். தந்தி அவன் அறைக் கதவிடுக்கில் கிடந்திருக்கிறது. இறந்தவர் மையத்தை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பது வழக்கமில்லை, அன்று சாயங்காலமே அசர் தொழுகை முடிந்ததும் தூக்கிவிட்டார்கள். சென்னைக்குத் திரும்பித் தந்தியைப் பார்த்தவன் ஓடி வந்திருக்கிறான். மலையடியில் வத்தலக்குண்டில் ராமையா அண்ணனைப் பார்த்திருக்கிறான். அடக்கம் முடிந்து எத்தனையோ நாளாயிற்று என்று தெரிந்ததும் அங்கேயே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டானாம். "எனக்காக ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதான்னு வீட்டுல கேளுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே சென்னைக்குப் போய்விட்டான்.

நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. ஆட்டத்தையும் விட்டுவிட்டான் என்று கேள்வி. மில்லுக்கும் ஒழுங்காகப் போவதில்லையாம். சின்னத்தாவைக் கேட்டால், "கோவம் தணிஞ்சா தானா வருவான், விடும்மா" என்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறாள். சேதி வராத வரைக்கும் நன்றாக இருக்கிறான் என்று உங்களால் இருக்க முடிந்தது. என்னால் முடியாது. ஒரு தரம் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிட்டேன், போதும்.

ஒரு நாள் வைத்திருந்திருக்கலாமா அத்தா? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மார்க்கத்தில் சொன்னபடிதான் செய்தோம் என்று சின்னத்தா சொல்வது சரி. அவன் கேட்பதும் சரியாகத்தான் படுகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

நாளைக்கு வெள்ளனே முதல் பஸ். நான் சென்னைக்குப் போகிறேன். பண்ணைக்காட்டைத் தாண்டிப் போகாதவளுக்கு இவ்வளவு ஆகாது என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. தனியாக அனுப்ப மாட்டேன் என்று சின்னத்தா முரண்டு பிடித்தார். "அப்ப நீங்களும் வாங்க. எதுக்காக வச்சிருக்கலன்னு அவன் மொகத்தப் பாத்து நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் எழுந்து போய்த் துணி எடுத்து வைத்தார்.

அவன் கத்தினால் கத்தட்டும். அழைத்துக்கொண்டுதான் வருவேன், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. உங்களை அடக்கிய மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. உங்களைத் தூக்கிப் போனபோது கதவு வரைக்கும்தான் வந்தேன். உங்களை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் மரம் இருக்கிறதா, மழைக்கு மண் அமுங்கிவிட்டதா, எனக்கு ஒன்றும் தெரியாது. ஊரார் எல்லோருக்கும் தெரியும், உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தெரியாது. நான் வெளியே நிற்கிறேன். அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்று விடாமல் எனக்குச் சொல்ல வேண்டும்.

கால் தரிக்காத உங்கள் மகள்,
மைமூன்