நெஞ்சைத் தைக்கும் முன்

இன்று காலை சிதம்பரத்தில், எக்கோ எடுக்கும் மேசையில் படுத்திருந்தேன். நெஞ்சில் தடவிய ஜெல் சில்லென்று பட்டதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் திரையைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "வால்வு நல்லாவே கசியுதும்மா. ஆப்பரேஷன் பண்ணித்தான் ஆவணும்." உங்களுக்கு வந்த அதே கோளாறு.

கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் எத்தனையோ மோட்டார்களைப் பிரித்து மாட்டியவர் நீங்கள். பல வருடங்களுக்கு முன்னால் உங்கள் நெஞ்சையே திறக்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் முதல் நாளே வந்து பேசினார். நீங்கள் தூங்கிய பிறகு உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை இறக்குவார்களாம். அது இதயத்துக்குப் பின்னாலிருந்து படம் காட்டிக்கொண்டே இருக்குமாம். மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரரான நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"கொழாய் வுட்டா கொரலு போயிடுமா சார்?"

"ரெண்டு மூணு நாளு தொண்டை வலிக்கும். அவ்ளோதான்."

அவர் போனதும் மெதுவாகச் சொன்னீர்கள்: "பயமா இருக்குடி ஸ்டெல்லா." கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை உங்கள் வாயால் நான் கேட்டதில்லை.

மறுநாள் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். நர்ஸ் ஒருத்தி வேகமாக வந்தாள். "ரிப்பேர் பண்ணிட்டாங்கம்மா. ஆனா படத்துல பாத்தா இன்னும் கசியுதாம். திரும்பவும் மெஷின்ல போட்டு சரி பண்றாங்க. லேட்டாவும்."

மெஷினில் போட்டால் இதயத்தை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை நின்று எழுந்துவிட்டது. மறுமுறையும் எழுமா?  

சாயங்காலம் சர்ஜன் வந்தார். "மொதல்ல போட்ட தையல் பத்தலம்மா. நெஞ்சை மூடுறதுக்கு முன்னாடியே படம் காட்டிக் குடுத்துடுச்சு. இல்லன்னா தெரியாமலே தச்சிருப்போம். அப்புறம் அவருக்கு மூச்சு வாங்கி, இன்னொரு வாட்டி தொறக்க வேண்டி வந்திருக்கும்."

அந்த வருட ஈஸ்டருக்குக் கரகரத்த குரலில் பாடினீர்கள். அதற்குப் பிறகும் பல ஈஸ்டர்கள் நமக்குக் கிடைத்தன. போன மழைக்காலத்தில் நிமோனியா உங்களைக் கொண்டுபோகும்வரை அந்த வால்வு கசியவே இல்லை.

இப்போது என் முறை. மேசையிலிருந்து எழுந்ததும் கேட்டேன்: "ஆப்பரேஷன் நடக்கும்போதே உள்ள கொழாய் வுட்டுப் பாப்பீங்கல்ல சார்?"

"கண்டிப்பா பாப்போம்."

கத்திக்குப் பயம்தான். ஆனால் மயக்கத்தில் எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. வெளியே உட்காரப்போகிறவள் நம் மகள். 

உங்களுக்காகக் காத்திருந்ததில் எனக்கு மிஞ்சிய ஒன்றை, திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் சொல்லிவைத்தேன். "திரும்பவும் மெஷின்ல போடுறாங்கன்னு யாராவது வந்து சொன்னா ஒடஞ்சி போயிடாத. தப்ப கண்டுபுடிச்சிட்டாங்கன்னு அர்த்தம்."

"நீ சும்மா வாம்மா" என்றாள். கடலூர் வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள்.