நீலப் பட்டை நாய்

ஹல்,
நவம்பர் முதல் வாரம், 1975

அன்பு மகள் மேவிஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றபடி நான் சௌக்கியம், அந்த முழங்காலும் மாடிப்படியைக் கண்டால்தான் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி ரோஸ்மேரியும் அடிலெய்டு வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் படுக்கும் முன் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் எப்போதோ வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாள் ஆயிற்றே என்று கோபித்துக்கொள்ளாதே. கடிதம் கையில் இருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பின்னாலேயே கப்பலில் ஒரு பார்சலும் வரும். அதைப் பிரிக்கும்போது கத்தரிக்கோல் வைத்துக் குத்தாதே, மெதுவாகப் பிரி.

என் கண் முன்பு போலத்தான் இருக்கிறது. கண்ணாடி மாற்றியும் பிரயோஜனமில்லை. எதிர்ச் சுவரில் ஊர்கிற ஈ கூடத் தெரிகிறது, கையில் பிடித்திருப்பதுதான் தெரியவில்லை. இதைக்கூடத் தடித்த பேனாவில் பெரிது பெரிதாக எழுதுகிறேன், தபால்தலைக்குத்தான் கேடு. நீ சொன்னாய் என்று கலர் டிவி எடுத்தேன் அல்லவா, எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியே போதும் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்டாயா? அது இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஹொரேஸ் மாமாவும் வராமல் இருந்திருக்க மாட்டார்.

உனக்கு ஹொரேஸ் ஸ்டாதர்ஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், சொல்லிப் பார்த்தால்தான் என் மனசு எனக்கே புரியும் போலிருக்கிறது. நம் பழைய வீட்டின் மேல் குண்டு விழுந்த அன்று உன் அப்பா கடலில், கண்ணிவெடி வாருகிற கப்பலில் இருந்தார். நீ ஒரு வயசுக் குழந்தை. மாடிப்படிக்கு அடியில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்புறம் தலைக்கு மேல் இருந்த வீடு முழுக்க நம் மேல்தான். அப்போது ஹொரேஸ்தான் நம் தெருவுக்கு யுத்தகால வார்டன், இருட்டில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தாலும் விசில் ஊதிக்கொண்டு ஓடி வருகிற மனுஷன். கையாலேயே செங்கல்லைத் தோண்டி முதலில் உன்னை எடுத்துக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டார். அப்புறம் என்னை இழுத்துப் போட்டார். மறுநாள் அவர் விரல் பத்திலும் நகம் இல்லை. அவர் மனைவி லாட்டி காலமான பிறகு பின்சந்துக்கு அப்பால் தனியாக இருக்கிறார். டிவி இல்லாத மனுஷன், வெள்ளிக்கிழமை ஆனால் பொரித்த மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிடுவார். உன் கடிதம் வந்தால் புதன்கிழமையும் வருவார். செய்தி வாசிக்கிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, உன் எறும்பு எழுத்தைப் படித்துக் காட்டுவார். ரோஸ்மேரிக்குப் பல் விழுந்த செய்தியைக்கூட ஏதோ மந்திரிசபை கவிழ்ந்த மாதிரி வாசித்தார்.

கணப்படுப்புக்கு மேல் பலகையில் நம் பீங்கான் நாய் இருந்ததே, அது ஜோடி நாய் என்று உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பா ஹல் திருவிழாவில் வாங்கிக் கொடுத்தது. கழுத்தில் இருந்த தங்கப் பூச்சு தேய்ந்துபோயிருந்தது, மனுஷன் சும்மா இருப்பாரா, மீன்பிடிக் கப்பலுக்கு அடிக்கிற நீலப் பெயிண்டை எடுத்து வந்து இரண்டுக்கும் கழுத்துப் பட்டை தீட்டினார், அதுவும் கோணலாக. குண்டு விழுந்த பிறகு ஒன்று பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது, மற்றதைக் காணவில்லை. பொடிப்பொடியாகப் போயிருக்கும் என்றார்கள். வீடு போனதற்குக்கூட நான் அப்படி அழவில்லை. அந்த ஒற்றை நாய் இத்தனை வருஷமாகப் பக்கத்தில் யாரோ இருப்பதுபோல இடப்பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. ஹொரேஸ் அதைப் பார்க்கும்போதெல்லாம், "ஜோடி போச்சேம்மா எட்னா, பாவம்" என்று உச்சுக் கொட்டுவார்.

போன வருஷம் டிவிக்காரர்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்தது எழுதியிருந்தேன், யுத்தகாலக் கதை எடுக்கிறோம், பழைய சாமான் இருந்தால் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். நான் இருட்டடிப்புத் திரையையும் துணி பிழிகிற உருளையையும் கொடுத்தேன். ஹொரேஸும் ஒரு அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு வந்தார், மேலே செய்தித்தாள் போட்டு மூடி. உள்ளே என்னப்பா புதையலா என்று தூக்கிப் பார்க்கப் போனேன், "லாட்டியோட பழைய தட்டுமுட்டு, விடு விடு" என்று வேனுக்குள் தள்ளிவிட்டார். நானும் பாவம், மனைவி ஞாபகம் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தொடர்தான் இப்போது வெள்ளிக்கிழமை தோறும் வருகிறது. ஊரே பார்க்கிறது. மெல்லிய மீசை வைத்த ஒரு பயல் பெட்டி நிறையக் காலுறையும் வெண்ணெயும் வைத்துக்கொண்டு கள்ளச்சந்தை நடத்துகிறான். அவனுக்கும் ஒரு போலீஸ்காரருக்கும் நடக்கிற கண்ணாமூச்சிதான் கதை. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆனால் கியூவில் நிற்கிற பெண்களில் ஒருத்திக்காவது கால் வீங்கியிருக்கிறதா பார், எல்லோருக்கும் கை வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. அந்த மீசைக்காரன் நடுத்தெருவில் நின்று பேரம் பேசுகிறான். நம் தெருவில் அப்படியா நடந்தது? பன்றிக்கறி குழந்தை வண்டியில் மெத்தைக்கு அடியில் வரும், முட்டை பாதிரியார் வீட்டு வேலைக்காரி தொப்பிக்குள் வரும். நீ படுத்திருந்த வண்டியில்கூட ஒரு தடவை வந்திருக்கிறது, ஆனால் அதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. நானும் ஹொரேஸும் சிரித்துச் சிரித்துப் பார்த்தோம், மீன் ஆறிப் போகும் அளவுக்கு.

இரண்டாவது வாரமோ என்னமோ, கதையில் வருகிற குடும்பத்தின் கூடத்தைக் காட்டினார்கள். கணப்படுப்பு, மேலே பலகை, பலகையில் ஒரு பீங்கான் நாய். வலப்பக்கம் பார்க்கிற நாய். கழுத்தில் நீலப் பட்டை, கோணலாக. என் நாய் இந்தப் பக்கம் பலகையில், அதன் ஜோடி அந்தப் பக்கம் பெட்டிக்குள், முப்பத்து நாலு வருஷம் கழித்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஹொரேஸ் வாய்க்குக் கொண்டுபோன சிப்ஸ் அப்படியே நின்றது. அப்புறம் எழுந்துபோய், "என்ன கலர் இது, கண்ணைக் குத்துது எட்னா" என்று சொல்லிக்கொண்டே டிவி குமிழைத் திருகினார். எல்லோர் முகமும் முதலில் பச்சையாயிற்று, அப்புறம் ஊதாவாயிற்று, கடைசியில் கலரே போய்க் கறுப்பு வெள்ளையாயிற்று. இப்ப பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். குமிழை விட்ட பிறகும் அவர் என் பக்கம் திரும்பாததைப் பார்த்தேன். எதிரில் இருப்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியுமே.

அவர் போன பிறகு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது எனக்கு. நாயை அவர் எடுத்ததைக்கூட விடு. அந்தக் காலத்தில் யார் எடுக்கவில்லை? ராத்திரி முழுக்க பிணம் தூக்கின மனுஷன், லாட்டிக்கு ஒரு அழகான பொம்மை என்று பையில் போட்டிருப்பார். விடிந்த பிறகுதான் அது என் பலகையில் இருந்த நாய் என்று உறைத்திருக்கும். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, இடிந்த வீட்டில் திருடினால் தூக்கு என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள், வார்டன் என்றால் கேட்கவே வேண்டாம். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் அதை ஒளித்து வைத்துக்கொண்டு என் எதிரில் நின்று "ஜோடி போச்சேம்மா" என்று உச்சுக் கொட்டினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. கண்காணாமல் தொலையட்டும் என்று வேனில் ஏற்றிவிட்டார் பாவி, அது சுற்றிச் சுற்றி என் கூடத்துக்கே வந்துவிட்டது. அதுவும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. கோபத்துக்கு நடுவில் சிரிப்பும் வந்தது, அதைப் பகிர்ந்துகொள்ள எனக்கு இருக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. சளி என்று கடையில் சொல்லியனுப்பினார். அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. முதலில் நல்லதாகப் போயிற்று என்றுதான் இருந்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. உறையின் மேல் இருக்கிற கங்காரு தெரிந்தது, மற்றதெல்லாம் சாம்பல் தூவின மாதிரி இருந்தது. அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் குடிவந்திருக்கிற பிள்ளைகள் நல்லவர்கள்தான், ஆனால் என் மகள் எனக்கு எழுதினதை ஊர் பேர் தெரியாதவன் படிக்கக் கேட்க எனக்கு மனசில்லை. கடிதத்தை நாயின் காலடியில் வைத்தேன். தினமும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைப்பேன், உன் வீட்டுச் சோப்பு வாசனை கொஞ்சம் இருந்தது. மேவிஸ், ஒரு நாள் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை என்பதைச் சாயங்காலம் காசு வாங்க வந்த பால்காரனுக்கு நன்றி சொல்லும்போது தொண்டை கட்டியிருந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். சில நாள் டிவியில் செய்தி வாசிக்கிறவர் குட்நைட் சொன்னால் நானும் திருப்பிச் சொல்கிறேன். சிரிக்காதே.

போன வெள்ளிக்கிழமை நாயைப் பலகையிலிருந்து எடுத்தேன். உன் அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு பின்சந்து வழியாகப் போய் ஹொரேஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஷேவ் செய்யாமல் நின்றார், சளியும் இல்லை ஒன்றும் இல்லை. "நீ அன்னிக்குத் திருகினதுல இருந்து டிவில கலரே வரமாட்டேங்குது, கெடுத்தது நீ, நீயே வந்து பாரு" என்றேன். என்னை நேரே பார்க்காமல் வந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் கண் நேராகப் பலகைக்குத்தான் போயிற்று. தூசி நடுவில் நாய் இருந்த வட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது, அதைத் துடைக்க மறந்துவிட்டேன். "துடைக்கும்போது கை தவறி உடைஞ்சுபோச்சு. இருக்கட்டும், ஒத்தை நாய் எதுக்கு" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை முழங்கால் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். குமிழை அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. கலர் டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கிற வீடு இந்த ஊரிலேயே நம்முடையதாகத்தான் இருக்கும்.

படம் முடிந்ததும் உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தொண்டையைச் செருமினார், ஆனால் செய்திக் குரல் வரவில்லை, மனுஷக் குரலில்தான் படித்தார். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். மேலே படி என்றேன். வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன் மகளே, நீ வருவாய் என்று மேல் அறைக்குப் புதுத் திரை தைத்து வைத்திருந்தேன். ஆனால் அவ்வளவு தூரம், குழந்தையின் பள்ளிக்கூடம், மாப்பிள்ளையின் வேலை, எனக்கும் புரியாமல் இல்லை. கடைசியில், இனிமேல் தட்டச்சு இயந்திரம் வாங்கிப் பெரிய எழுத்தில் அடித்து அனுப்புகிறேன், அம்மா தானே படித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அவர் ரொம்ப மெதுவாகப் படித்தார். படித்துவிட்டுக் கடிதத்தை மடிக்கிறார் மடிக்கிறார், மடித்து முடியவில்லை. "நல்ல யோசனைதான், உனக்கும் சௌகரியம்" என்றார்.

வாசலில் நின்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எட்னா, அன்னிக்குக் குண்டு விழுந்தப்ப உங்க வீட்ல, நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். "ஹொரேஸ், தண்ணி கொதிக்குது, நான் உள்ள போகணும்" என்றேன். அடுப்பில் கெட்டிலே வைக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது இரண்டு பேருக்கும் கேட்டது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு "புதன்கிழமை வரட்டுமா" என்று கேட்டார். கடிதம் இல்லாவிட்டாலும் வா என்றேன். சொல்லவிட்டிருந்தால் அவர் மனசு லேசாகியிருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அப்புறம் எந்த முகத்தோடு வருவார்? மன்னித்துவிட்டேன் என்று சொன்னவள் எதிரில் உட்கார்ந்து எந்த ஆண்பிள்ளைக்கு மீன் தொண்டையில் இறங்கும்? இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே, தனியாக இருந்து பார்த்தவளுக்குத்தான் இது புரியும். அந்த மனுஷன் அந்த வீட்டிலிருந்து உன்னையும் எடுத்தார், என்னையும் எடுத்தார், ஒரு நாயையும் எடுத்தார். நாயைப் பற்றிப் பேசப் போனால் மற்ற இரண்டையும் பேசாமல் இருக்க முடியாது.

பார்சலில் வருவது அந்த நாய்தான், உடையவில்லை. உன் அப்பா சட்டையைத் துவைத்துவிடாதே, அப்படியே வைத்துக்கொள். நாயை ரோஸ்மேரி கைக்கு எட்டாத இடத்தில் வை, கழுத்துப் பட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதே. வெயில் என்று குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளைக்கு இருமல் போய்விட்டதா என்று எழுது, நீயும் வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ எந்த ஊரில் இருந்தாலும் என் முத்தம் உன் நெற்றியில் இருக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதே. பார்சல் வந்துசேர்ந்தால் "கேக் வந்தது, ருசியாக இருந்தது" என்று மட்டும் எழுது, நாய் என்ற பேச்சே கடிதத்தில் வரக் கூடாது. அந்தத் தட்டச்சு இயந்திரத்தை வாங்காதே. எப்போதும் போல உன் கையாலேயே எழுது, இன்னும் கொஞ்சம் பொடியாக எழுதினாலும் சரி.

உன் பிரியமுள்ள அம்மா,
எட்னா