வழியில் இல்லாத ஊர்கள்

பிப்ரவரி 4

குருவியின் அம்மாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? போனில் பேசமாட்டேன், எதுவாக இருந்தாலும் எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற கைக்குப் பேனா வளையவில்லை, கோபித்துக்கொள்ளாமல் படி.

தலசீமியா குழந்தைகள் சங்கத்துக்கு நிதி திரட்ட சைக்கிளில் போகிறேன். இருபத்தொரு நாள், ஆயிரத்து நூறு கிலோமீட்டர். திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றுவதால் பிள்ளைகள் உடம்பில் சேருகிற இரும்பை வெளியேற்ற ஒரு சின்ன பம்ப் உண்டே, குருவிக்குக்கூடக் கட்டுகிறாயே, அது வாங்க முடியாத பிள்ளைகளுக்காக. கம்பெனியில் லீவு தந்துவிட்டார்கள். நோட்டீஸ் இணைத்திருக்கிறேன். அதில் குருவியின் படம் இருக்கிறது. நான் போகிற வழியும் அதிலேயே அச்சடித்திருக்கிறது.

அவளுக்கு என் முத்தம்.

குருவியின் அப்பா

*

பிப்ரவரி 11

குருவியின் அப்பாவுக்கு,

நலம். முத்தத்தை அவளிடம் கொடுக்கவில்லை. நோட்டீஸை மட்டும் பார்த்தாள். "அப்பா ஏன் என் பல்லு விழுந்த போட்டோவப் போட்டாரு?" என்று கேட்டாள். போடுவதற்கு முன் யாரைக் கேட்டீர்கள் என்று நான் கேட்கிறேன்.

தெருமுனைக் கடைக்கே பைக்கை எடுக்கிற ஆள் நீங்கள். ஆயிரத்து நூறு கிலோமீட்டர் மிதிக்கப் போகிறீர்களா? நம்பச் சொல்கிறீர்களா? கம்பெனியில் ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை சரிபார்க்க என் கைக்கு வருகிறது. வெளியே பார்க்க எல்லாம் சட்டைதான். உள்பக்கம் திருப்பினால்தான் பிசிறு தெரியும். அதனால் உங்களையும் திருப்பித்தான் பார்க்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் இரண்டு ரிப்போர்ட் கொடுத்தார்கள். ஒன்று என்னுடையது, ஒன்று உங்களுடையது. இரண்டிலும் ஒரே வரிதான் எழுதியிருந்தது. அம்மா, அப்பா இரண்டு பேரிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வரும் என்று டாக்டர் காகிதத்தில் படமே வரைந்து காட்டினார். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் நீங்கள் நீட்டியது என்னுடையதை மட்டும். "அவங்க வீட்டு ரத்தம்டா இது" என்று அத்தை சொன்னபோது நீங்கள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஆள் இப்போது ஊருக்கெல்லாம் தலசீமியா பற்றிச் சொல்லப் போகிறாராம்.

யார் கைதட்டுவதற்கு இதெல்லாம்?

குருவியின் அம்மா

*

மார்ச் 3

குருவியின் அம்மாவுக்கு,

ஆறாவது நாள். உட்காரும் இடம் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. நேற்று சங்கிலி அறுந்து பாதி நாள் போயிற்று. குருவியிடம் சொல், அப்பாவை ஒரு நாய் இரண்டு கிலோமீட்டர் துரத்தியது, அப்பாதான் ஜெயித்தார் என்று.

நீ எழுதியது எல்லாம் உண்மை. பதில் போட்டால் பதினைந்தாம் நாள் தங்கும் விடுதிக்குப் போடு, முகவரி நோட்டீஸில் இருக்கிறது.

குருவியின் அப்பா

*

மார்ச் 7

குருவியின் அப்பாவுக்கு,

உறையின் தபால் முத்திரையைப் பார்த்தேன். நோட்டீஸில் இருக்கிற வழியையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த ஊர் உங்கள் வழியிலேயே இல்லை. நெடுஞ்சாலையை விட்டு நாற்பது கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். சங்கிலி அறுந்ததா? அறுந்த சங்கிலியோடு நாற்பது கிலோமீட்டர் உருட்டிக்கொண்டா போனீர்கள்?

சங்க ஆபீஸுக்கும் போன் போட்டேன். "சார் அப்பப்ப வழி மாறிப் போயிடறாரும்மா, கேட்டா சொந்த வேலைன்னு சொல்றாரு" என்றார்கள். இதுவரை நான்கு முறையாம்.

அந்த ஊர்களில் யார் இருக்கிறாள்? என் மகளின் படம் போட்ட நோட்டீஸோடு யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறீர்கள்? நமக்குள் ஒன்றும் மிச்சம் இல்லைதான். ஆனால் அவள் படத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு இப்படி ஒரு வேலை நடந்தால், அதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. நேற்று ராத்திரி அழுதேன். எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்து அழிக்க மனமில்லை.

இதற்கு ஒழுங்கான பதில் வராவிட்டால் இனி கடிதமும் வேண்டாம்.

குருவியின் அம்மா

*

மார்ச் 29

குருவியின் அம்மாவுக்கு,

சவாரி முடிந்து பத்து நாள் ஆகிறது. உன் கடிதம் விடுதியில் கிடைத்தது. ஆனால் கடைசி வீட்டையும் முடிக்காமல் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

முதல் ஊரில் பெரியப்பா இருக்கிறார். அடுத்த ஊரில் சின்ன அத்தை. பிறகு சித்தப்பா மகன்கள் இரண்டு பேர். மொத்தம் ஒன்பது வீடு. சும்மா போய் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. அது உனக்கே தெரியும். சைக்கிளும் வியர்வையுமாகப் போய் நின்றால் "என்னடா இது கோலம்?" என்று அவர்களே கேட்பார்கள். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? என் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். ஏழு வருஷமாக டூல் பாக்ஸின் அடித்தட்டில் கிடந்தது. கிரீஸ் கறை இருக்கிறது, எழுத்து தெரிகிறது. "குருவிக்கு என்கிட்டேருந்தும் வந்தது. உங்களுக்கும் இருக்கலாம், டெஸ்ட் பண்ணுங்க" என்றேன். பெரியப்பா தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார். சின்ன அத்தை அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஏன் இப்போது என்று கேட்பாய். தம்பி மனைவி உண்டாகியிருக்கிறாள். கேட்ட அன்றே டூல் பாக்ஸைத் திறந்து ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். தம்பி பிள்ளைக்குப் பதறுகிறவர் என் பிள்ளைக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ கேட்டால் அது நியாயம்தான். தம்பிக்கும் டெஸ்டில் இருக்கிறது. அவன் மனைவிக்கு இல்லை, அதனால் பிள்ளைக்குப் பயமில்லை.

கடைசி வீடு தம்பியுடையது, அம்மா இருக்கிற வீடு. அம்மா ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "ஏண்டா, நான் அந்தப் பொண்ண அத்தனை பேச்சு பேசினப்ப நீ பக்கத்துலதானடா உக்காந்திருந்தே? இத்தன வருஷம் வாயில என்னடா வச்சிருந்தே?"

மறுநாள் தானே கிளம்பி லேபுக்குப் போய்க் கையை நீட்டினாள். ரிசல்ட் வந்தது. உறையைப் பிரிக்க விடவில்லை. "அவளுக்கு அனுப்பு. அவ பிரிச்சுப் பாக்கட்டும். எனக்கு இருந்தா அவ என்ன வேணா பேசட்டும்" என்றாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

அந்த ஊர்களில் வேறு யாரும் இல்லை.

குருவியின் அப்பா

*

ஏப்ரல் 5

குருவியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு முறை நம்புவதற்கு, ஒரு முறை பிசிறு தேடுவதற்கு. அதோடு விட்டேனா? சின்ன அத்தைக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அவர் அழுதார். பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. என் குணம் இப்படி ஆகிவிட்டது, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

உங்கள் அம்மாவின் உறையை நான் பிரிக்கவில்லை. அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன், ஒட்டு கலையாமல் இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் ரத்தத்தில் என்ன இருந்தால் எனக்கென்ன? அவர் தெரியாமல் பேசினார். தெரிந்தும் வாய் திறக்காதவர் நீங்கள்.

வரும் புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் குருவிக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். ஊசி குத்தும்போது ஒரு கையை நான் பிடிப்பேன், இன்னொரு கையை நர்ஸ் பிடிப்பார். அந்தக் கையைப் பிடிக்க நீங்கள் வரலாம். நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். குருவி அந்த நாய்க் கதையை உங்கள் வாயால் கேட்க வேண்டுமாம். அதற்காகத்தான்.

வரும்போது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து வாருங்கள், கிரீஸ் கறையோடு இருந்தாலும் பரவாயில்லை. அவள் ஃபைலில் ஏழு வருஷமாக என்னுடையது மட்டும்தான் இருக்கிறது.

குருவியின் அம்மா