நாலு பச்சை விளக்கு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் உடம்பால் நலமாக இருக்கிறேன், மற்றதைக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம் என்று நீ தட்டி அனுப்பும் இரண்டு சொல்லை நம்பிக்கொண்டிருக்கிறேன். அம்மா போய் நாலு மாதம் ஆகிறது, நீ திரும்பிப் போனதிலிருந்து ஒருநாள்கூட முகம் காட்டவில்லை. "நல்லா இருக்கேன்பா", "வேலை இருக்குப்பா", "அப்புறம் கூப்பிடறேன்பா" என்று எழுத்துதான் வருகிறது. நானும் "சரிம்மா" என்று போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இதைப் போனில் சொல்லலாம் என்று பார்த்தேன், நம்பரைப் போட்டுப் போட்டு நானே வைத்துவிடுகிறேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எழுதும்போது நான் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது உனக்குத் தெரியாது பார், அது ஒரு சௌகரியம்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அத்தை வந்து தங்கியிருக்கிறாள். தம்பிக்குச் சமைத்துப் போடுகிறேன் பேர்வழி என்று வந்தவளுக்கு, நாள் முழுக்க நான்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வாய் மட்டும் ஓய்கிறதில்லை. "ஏண்டா, எதிர்ல ஒரு மனுஷி உக்காந்திருக்கேன், நீ அந்தப் பெட்டியையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கியே" என்று திட்டுகிறாள். கூடத்தில் கதவோரமாக இருக்கிற நெட் பெட்டியைத்தான் சொல்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா, அம்மா அளவு கொடுத்துவிட்டு வந்த துணியைத் தைக்காமலே கொண்டுவந்து கொடுத்தார், கொடுக்கும்போது அவரே அழுதுவிட்டார், அத்தைதான் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். துணி அலமாரியில் இருக்கிறது, நீ வந்தால் எடுத்துக்கொள்.

நீ வெளிநாட்டுக்குப் படிக்கப் போன வருஷம் நினைவிருக்கிறதா. அப்போது நெட் என்றால் டெலிபோன் ஒயர்தான். கீ கீ என்று அது ஒரு பாட்டம் கத்தி முடித்தால்தான் உள்ளே போக முடியும், அந்த நேரத்தில் வேறு யாரும் நமக்குப் போன் பண்ண முடியாது, அதற்காக உன் அத்தை ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாள், நிம்மதியான மாதம். நீ அங்கே போய் அனுப்பிய முதல் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முடி வந்துடுச்சு, நெத்தி வந்துடுச்சு, கண்ணு வந்துடுச்சுங்க" என்று எனக்கு அறிவித்துக்கொண்டே இருந்தாள். மூக்கோடு லைன் அறுந்துபோனது. "சாப்பிடறாளா இல்லையான்னு கன்னத்தைப் பாத்தாத்தானே தெரியும், இந்த மூக்கை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண" என்று என்னைப் பிடித்து ஏசினாள், நான்தான் கத்தரிக்கோல் வைத்து வெட்டிவிட்டேன் என்கிற மாதிரி.

பிறகு பெட்டி வந்தது, முகம் பார்த்துப் பேசலாம் என்றார்கள். முகம் வந்தால் குரல் வராது, குரல் வந்தால் முகம் நின்றுவிடும். அம்மா படுக்கையறை ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவாள், நான் கூடத்தில் பெட்டிப் பக்கத்தில் நிற்பேன், அதுதான் நம் வீட்டு ஏற்பாடு. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், நின்றுபோன எதையும் ஓட வைத்துவிடுவேன் என்று ஒரு திமிர் எனக்கு. உங்களுக்கும் ஒரு சட்டம் போட்டேன். படம் நின்றால் கத்தக் கூடாது, எனக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு நீ உடனே கட் பண்ணிவிட வேண்டும், நான் பெட்டியைப் பிடுங்கி அறுபது எண்ணி மறுபடி சொருகுவேன், விளக்கெல்லாம் வந்ததும் அம்மா கூப்பிடுவாள், அதுவரை சும்மா இருக்க வேண்டும். ஆயிரம் தடவை செய்திருப்போம். வாயைத் திறந்தபடி, ஒரு கண்ணை மூடியபடி அம்மா நின்றுபோன படங்களை நீ பிடித்து அனுப்புவாய். "எம் பொண்ணுக்கு வேற நல்ல நேரமே கிடைக்காதா" என்று கோபப்படுகிற மாதிரி நடித்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்வாள். இப்போதும் அவள் போனில் இருக்கிறது, நான் திறப்பதில்லை.

போன வருஷம் ஃபைபர் என்கிற இந்த மெல்லிசு ஒயர் வந்தது. மாட்ட வந்தவர், "சார், இனிமே இது நிக்கவே நிக்காது, நிம்மதியா உக்காருங்க" என்றார். சொன்னபடியே நிற்கவில்லை. அம்மா பழக்கதோஷத்தில் ஒரு மாதம் கத்திக் கத்தியே பேசினாள், பேத்தி காதைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் அதுவும் பழகிவிட்டது. முன்பெல்லாம் நின்று நின்று பத்து நிமிஷப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இப்போது பத்து நிமிஷத்தில் எல்லாம் பேசி முடித்து "சரிம்மா, வைக்கட்டுமா" என்பாய். "வேகமா வரா, வேகமா போயிடறா" என்று அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேலை இல்லாமல் போனதுதான் எனக்குக் குறை. இருந்தாலும் நீ கூப்பிடும்போதெல்லாம் போய்ப் பெட்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், என் இடம் அதுதானே.

அம்மா போன அன்றைக்கும் அங்கேதான் நின்றேன். நீ சிரித்துக்கொண்டே "அப்பா, அம்மா நின்னுட்டா, பெட்டியைப் பாருங்க" என்றது எனக்குக் கேட்டது. எல்லாம் முடிந்து நீ கிளம்பிய அன்று, வண்டியில் ஏறுவதற்கு முன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "நான் சிரிச்சேன்பா, சிரிச்சிட்டுக் கட் பண்ணேன். ஆனா பின்னாடி ஜன்னல் திரை அசைஞ்சுது, நான் பாத்தேன். திரை அசைஞ்சா லைன் எப்படிப்பா நிக்கும், அம்மா மட்டும்தான் அசையல" என்று. முதுகைத் தட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன். ஆமாம், உன் தப்புதான் என்று நான் நினைப்பதாக நீ எடுத்துக்கொண்டாயோ என்று இந்த நாலு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை குட்டிம்மா. நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அது இல்லை. இதை உன் அத்தையிடம்கூட நான் சொல்லவில்லை.

நீ சொன்னதும் நான் குனிந்து பெட்டியைப் பார்த்தேன். நாலு விளக்கும் பச்சையாக, ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. நாலும் எரிந்தால் லைனில் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். நீ எங்கேயோ கடல் தாண்டி இருந்துகொண்டு ஒரு திரை அசைந்ததைப் பார்த்தாய். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன் குட்டிம்மா, நாலு விளக்கையும் பார்த்துவிட்டு, அப்படியும் ஒயரைப் பிடுங்கினேன். ரொம்ப நாள் கழித்து எனக்கு ஒரு வேலை வந்ததே என்று சந்தோஷமாகப் பிடுங்கினேன். அறுபது எண்ணினேன், அவசரப்படாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். சொருகி ஒவ்வொரு விளக்காக வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் "ஆச்சு, இப்பக் கூப்பிடு" என்று உள்ளே குரல் கொடுத்தேன். பதில் இல்லை. கோபித்துக்கொண்டாள் போல என்று நினைத்து, மறுபடியும் ஒரு தடவை சொன்னேன். அதற்கப்புறம்தான் உள்ளே போனேன். தலையைத் திருப்பியிருந்தால் போதும், கதவு திறந்துதான் இருந்தது.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். "மூளைக்குள்ள அவ்வளவு பெரிய கசிவு, அஞ்சு நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தாலும் இதேதான் பெரியவரே" என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, உள்ளதைத்தான் சொன்னாரா தெரியாது. இரண்டாம் தடவை போய்க் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். மூன்றாம் தடவை போகத் தைரியம் இல்லை, நம்புவது என்று முடிவு பண்ணிவிட்டேன். நீயும் நம்பு. நம்ப முடியாத நாட்களில் என்மேல் கோபப்படு, நான் வாங்கிக்கொள்கிறேன், உன்மேல் மட்டும் கோபப்படாதே. நீ செய்தது நான் போட்ட சட்டம், ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தாய்.

வேளைக்குச் சாப்பிடு, கன்னம் ஒட்டிப்போனால் அம்மா என்னைத்தான் கேட்பாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேத்திக்குப் பல் விழுந்ததாக எழுதியிருந்தாயே, அந்தப் பொக்கை வாயை நான் இன்னும் பார்க்கவில்லை, புதுப் பல் முளைப்பதற்குள் காட்டு. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த ஜன்னல் திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, அத்தை முணுமுணுக்கிறாள், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஜன்னலோரம் அம்மா உட்காரும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், பெட்டிப் பக்கம் போக மாட்டேன். மறக்காமல் கூப்பிடு. பழைய சட்டத்தை எடுத்துவிட்டேன், இனிமேல் ஒன்றே ஒன்றுதான். நான் பேசாமல் அசையாமல் இருந்தால் பயந்துவிடாதே, உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிடு, கையைத் தூக்கிக் காட்டுகிறேன். கட் மட்டும் பண்ணாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா