பதினேழாம் நம்பர்

மாப்ள,

இரும்பில் நம்பர் அடிக்கிற உன் பஞ்ச் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு விரல் நீளம்கூடக் கிடையாது. தலைப்பக்கம் சுத்தியல் அடி வாங்கி வாங்கிக் காளான் மாதிரி விரிந்துபோயிருக்கிறது. மறுமுனையில் உன் நம்பர், பதினேழு, இடம் வலம் மாறி. இன்று மத்தியானம் இழுப்பறையில் எதையோ தேடும்போது கையில் தட்டியது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாசனை. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் நீ பக்கத்தில் வந்து உட்காரும்போது வருமே, அதே வாசனை. அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

உன் காரியத்தன்று உன் மனைவி, தங்கச்சி, இதை ஒரு கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தது. "கம்பெனி சாமானா இருந்தா நீங்களே குடுத்துடுங்கண்ணே. எங்க வச்சாலும் கண்ணுல படுது." ஸ்ரீரங்கத்து வீட்டைக் காலி செய்து முசிறிக்கே போகப்போகிறது என்று அன்றுதான் சொன்னது. கம்பெனியில் பஞ்சை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் ஆகப்போகிறது.

நம் ஃபேக்டரியில் வழக்கம் இன்னும் மாறவில்லை. குழாயில் ஒரு ஜாயின்ட்டை வெல்டு வைத்து முடித்தவன், பக்கத்திலேயே தன் நம்பரை இரும்பில் அடித்துவிட வேண்டும். எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிந்தால் ஆள் தேட வேண்டிய வேலையில்லை. உனக்குப் பதினேழு, எனக்கு இருபத்துமூன்று. வேலைக்குச் சேர்ந்ததில் நீ எனக்கு மூன்று மாதம் சீனியர் என்பதை அந்த நம்பரைக் காட்டித்தான் மிரட்டுவாய், வயதில் சின்னவனாக இருந்துகொண்டு.

இப்போது என்னைப் பயிற்சிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒரு வியாழக்கிழமை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 'வேலையில் முன்னேறுவது எப்படி' என்று பேச வேண்டும். ஆமாம், நான்தான். மைக் வைத்து, பின்னால் பேனர் கட்டி. நீ சிரிப்பது கேட்கிறது.

தென்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசத் தன்னம்பிக்கை வகுப்பு என்று நாம் போனோமே. கோட்டு போட்ட ஒருவர் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி, கையை மடக்கி 'என்னால் முடியும்' என்று நூறு தடவை கத்தச் சொன்னார். மண்டபத்திலேயே உன் குரல்தான் பெரிசாகக் கேட்டது. வெளியே வந்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "மைக் புடிச்சவரால முடியுதுடா. அது மட்டும் உறுதி." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, விளையாட்டு இல்லாத குரலில், "நேத்து போட்டதவிட இன்னிக்கு ஒரு ஜாயின்ட் நல்லா போட்டாப் போதும் மாப்ள. மத்ததெல்லாம் கத்தல்" என்றாய். அந்த வாக்கியத்தை நான் பதினைந்து கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். யார் சொன்னது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சூப்பர்வைசர் தேர்வுக்கு என்னைத் தயார் செய்தவனே நீதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் மாறி வருவேன். காவிரிப் பாலத்து நடைபாதையில் நடந்துகொண்டே கேள்வி கேட்பாய். தப்பாகச் சொன்னால் மறுபடி பாலத்தின் அந்த முனையிலிருந்து ஆரம்பம். ஆற்றில் தண்ணீர் வந்த மாதங்களில் வேடிக்கை பார்க்கிற கூட்டம் நம்மைப் பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருக்கும். எனக்கு அந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. உனக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. "நீ மொதல்ல ஏறு. நான் பின்னாடி வரேன்" என்றாய், பஸ்ஸில் ஏறுவதைச் சொல்கிற மாதிரி.

இன்னொரு விதியும் இருந்தது. தேர்வுக்கு நிற்பவன் போட்ட ஜாயின்ட் எதுவும் முந்தைய இரண்டு வருடத்தில் எக்ஸ்ரேயில் ஃபெயிலாகி விழுந்திருக்கக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்க்க உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐப்பசி மழை. மறுநாள் எனக்கு இன்டர்வியூ. சாப்பாட்டு நேரத்தில் ஓவனிலிருந்து எடுத்த வெல்டிங் ராடுகளைத் திரும்ப ஓவனில் வைக்காமல் பெஞ்சின்மேல் போட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன படித்தேன் தெரியுமா? ராடுகளை எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் காய வைக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில். மனப்பாடம் செய்துகொண்டே இருந்தேன். மணி அடித்ததும் அதே ராடை எடுத்து, அவசர ஆர்டர் குழாயில் ஜாயின்ட்டைப் போட்டு முடித்தேன். ஈரம் குடித்த ராடு உள்ளே குமிழியாக விடும் என்பது முதல் மாதப் பயிற்சியிலேயே சொல்லித்தரும் பாடம். கடைசி ராடு முடிந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

உன்னிடம் வந்து சொன்னேன். நீ திட்டவில்லை. ஜாயின்ட்டைக் குனிந்து பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "நீ கெளம்பு. முடி வெட்டிக்க, நல்லா தூங்கு. பஞ்ச் நான் அடிச்சிடறேன்" என்றாய்.

நீ அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவாய் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். இப்படித்தான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய். வெட்டிப் போட நேரம் கிடையாது, சாயங்காலமே குழாய் எக்ஸ்ரேக்குப் போகிறது. என் பஞ்ச் என் சட்டைப் பையில் இருந்தது. நீ அதைக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. வாசல் வரைக்கும் நடந்தேன், அது பையில் ஆடிக்கொண்டே வந்தது, நான் திரும்பவில்லை.

எக்ஸ்ரே ஃபிலிமில் ஓட்டை ஓட்டையாக இருந்ததாம். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, "யாரு பதினேழு?" என்று கேட்டாராம். நீ கையைத் தூக்கினாயாம். அந்த நேரத்தில் நான் வேறு கட்டடத்தில், ராடு காய வைப்பதைப் பற்றிய கேள்விக்குப் பிசகில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன்னை வெல்டிங்கிலிருந்து எடுத்து மூன்று மாதம் கிரைண்டிங்கில், இரும்பைத் தேய்க்கிற வேலையில், போட்டார்கள். எனக்குச் சூப்பர்வைசர் ஆர்டர் வந்தது. "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று நான் கேட்டதற்கு, "விடு மாப்ள, ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னாய். அதற்குமேல் நாம் அதைப் பேசவே இல்லை. நீ பேசாததை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன், எனக்கு அதுதான் வசதி.

ஆனால் பசங்கள் விடவில்லை. எந்த ஜாயின்ட் எக்ஸ்ரேயில் விழுந்தாலும் "பதினேழு போட்டுட்டான்டா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் உன் முதுகுக்குப் பின்னால், அப்புறம் உன் முன்னாலேயே. ஒருநாள் டீக்கடையில் ஒருத்தன் அதைச் சொன்னான். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், மாப்ள. சூப்பர்வைசர் சட்டை போட்டுக்கொண்டு, உன் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தேன். அன்றைக்கு நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் தேவலை.

அந்த இரண்டு வருடம் கழிவதற்குள் உன் வயது வரம்பும் முடிந்துபோய், நீ கடைசிவரை வெல்டராகவே இருந்தாய். உன்னைவிட நல்ல கை அந்த ஃபேக்டரியில் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாயாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. தங்கச்சி போன் பண்ணியபோது நான் பயிற்சி அறையில், முன்னேற்றம் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை புதுக் கூட்டத்தில், நல்ல வெல்டருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண், இருபது வயது இருக்கும், எழுந்து, "பதினேழு போடாம இருக்கணும் சார்" என்றது. ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் அந்தப் பெண்ணிடம், "பதினேழுன்னா என்னம்மா?" என்று கேட்டேன். "ஃபெயில் ஆன ஜாயின்ட் சார். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." அது ஒரு ஆளின் நம்பர் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நீ இருந்தாய் என்பதே தெரியாது.

மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மழை, பெஞ்ச், ராடு, சட்டைப் பையில் இருந்த பஞ்ச், எல்லாவற்றையும். அந்த ஜாயின்ட் இருபத்துமூன்றாம் நம்பருடையது, இருபத்துமூன்று நான்தான் என்று சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜருக்கு விஷயம் போய், கூப்பிட்டார். "பழைய கதை சார், இப்ப எதுக்கு?" என்றார். அதோடு சரி. எனக்கு ஒரு தண்டனையும் இல்லை.

தங்கச்சிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் முசிறி பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்டது. "இதை அவரு இருக்கறப்ப நாலு பேருகிட்ட சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றது. அவ்வளவுதான். வைத்துவிட்டது. அதற்குப்பிறகு நான் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எடுக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இன்று காலை ஷெட்டில் ஒரு ஜாயின்ட் எக்ஸ்ரேயில் விழுந்தது. புதுப் பசங்கள் ஃபிலிமைச் சுற்றி நின்றிருந்தார்கள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றது அவர்களுக்குத் தெரியாது.

"என்னடா, பதினேழா?" என்றான் ஒருத்தன்.

"ஏய், அது பதினேழு இல்லடா. இருபத்திமூணு" என்று அந்தப் பெண் திருத்தியது.

"ஆமால்ல. இருபத்திமூணு போட்டுட்டான்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. நீ இதைப் பன்னிரண்டு வருடம் கேட்டாய், தினமும் அதே ஷெட்டுக்குள் வந்து, அதே ஆட்களோடு சாப்பிட்டு. நான் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது, கிளம்ப வேண்டும். உன் பஞ்சை இழுப்பறையில் திரும்ப வைக்க மனமில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன், அன்றைக்கு என்னுடையது இருந்த அதே பக்கத்தில்.